வெசல்: பானையா, கப்பலா, நாடியா?

போன மாதம் பக்கத்து வீட்டுப் பெரியம்மா தன் கிளினிக் கொப்பியோடு வந்து எங்கள் விறாந்தையில் இருந்தார். நெஞ்சு நோவுக்கு அஞ்சியோகிராம் செய்து, ஆங்கிலத்தில் ஒரு அறிக்கை கொடுத்திருந்தார்கள். அதில் 'ட்ரிப்பிள் வெசல் டிசீஸ்' என்று ஒரு வரி. பேரன் அந்த வரியில் விளங்காத 'வெசல்' என்ற சொல்லை மட்டும் எடுத்துக் கைபேசியில் தட்டிப் பார்த்திருக்கிறான். 'கப்பல்' என்று வந்திருக்கிறது. வேறொரு செயலியில் தட்ட 'பாத்திரம்' என்று வந்திருக்கிறது. பெரியம்மா இரவு முழுக்க நித்திரை கொள்ளவில்லை.

"என்ர நெஞ்சுக்குள்ள மூண்டு கப்பலெண்டு எழுதிக் கிடக்காம், பிள்ளை. உதென்ன வருத்தம்?"

நான் ஆங்கிலம் படிப்பிக்கிறவள். இந்தச் சொல்லில் பிள்ளைகள் தடுக்கி விழுவதைப் பல வருடங்களாகப் பார்க்கிறேன். அகராதியில் பானை, கப்பல், இரத்தக் குழாய் என்று அடுத்தடுத்துக் கிடக்கும். 'இங்கிலீசில இப்பிடித்தான், ஒரு சொல்லுக்கு ஒன்பது கருத்து' என்று சொல்லிப் பாடமாக்கிவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு அது மனதை உறுத்தும். வெசல் என்ற சொல்லுக்கு ஒரே ஒரு அடிக்கருத்துத்தான் இருக்கிறது. அது பிடிபட்டால் மற்றவை தானாக வந்து பொருந்தும். அதைப் பிடிக்க ஆங்கிலத்தைவிடத் தமிழே நமக்குக் கூடுதலாக உதவும்.

குசினியில் தொடங்குவோம்

எங்கள் குசினிகளில் என்னென்ன இருக்கின்றன? சோற்றுப் பானை, கறிச் சட்டி, தாச்சி, கேத்தல், செம்பு, வாளி, கலியாண வீட்டுக் கிடாரம், பழைய வீடுகளில் மூக்குப்பேணி. ஒன்றின் உருவம் மற்றதற்கு இல்லை. ஆனாலும் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று உண்டு: நடுவில் குழி, சுற்றிவரச் சுவர். குழிக்குள் போட்டதைச் சுவர் வெளியே விடாது. இந்தக் 'குழியும் சுவரும்' என்ற அமைப்புத்தான் வெசல் என்ற சொல்லின் அடிக்கருத்து.

சொல் வந்த வழியும் இதையே காட்டுகிறது. லத்தீனில் 'வாஸ்' என்றால் ஏனம். 'வாஸ்கெல்லும்' என்றால் சின்ன ஏனம். அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்து வெசல் ஆனது. பூச்சாடியைக் குறிக்கும் 'வாஸ்' என்ற ஆங்கிலச் சொல்லும் அதே வேரில் முளைத்ததுதான். பிரெஞ்சில் 'வாஸ்கெல்லும்' இரண்டு கிளையாகப் பிரிந்துவிட்டது. 'வெசெல்' என்றால் சாப்பாட்டு ஏனங்கள், 'வெஸோ' என்றால் கப்பல், இரத்தக் குழாயும் அதுவே. பாரிசில் உணவகங்களில் கோப்பை கழுவிக் குடும்பத்தைக் காப்பாற்றிய எங்கள் ஊர்ப் பிள்ளைகள் முதல் சொல்லை நன்றாக அறிவார்கள்.

கோப்பை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் கோப்பை என்றால் தேநீர் குடிப்பது. யாழ்ப்பாணத்தில் சோறு போட்டுச் சாப்பிடுவது. ஒரே சொல், பாக்குநீரிணைக்கு அந்தப் பக்கம் ஒரு பொருள், இந்தப் பக்கம் இன்னொரு பொருள். சொல் இருந்த இடத்திலேயே இருப்பதில்லை என்பதற்கு நாம் வேறு எங்கும் போய் உதாரணம் தேட வேண்டியதில்லை.

பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு குறிப்பு. இந்திய ஆங்கிலத்தில் சமையல் ஏனங்களை 'வெசல்ஸ்' என்பது வழக்கம். பிரித்தானியாவில் வீட்டில் ஒருவரும் அப்படிச் சொல்வதில்லை. பானைக்கு 'பொட்', தாச்சிக்கு 'பான்', கழுவக் கிடப்பவற்றுக்கு 'டிஷஸ்' என்பார்கள். ஏனம் என்ற பொருளில் வெசல் அங்கே சற்றுக் கனமான சொல். நூதனசாலையில் மண்கலத்தின் கீழே எழுதுவார்கள், ஆய்வுகூடக் குறிப்பில் எழுதுவார்கள், குசினியில் பேசமாட்டார்கள்.

இதுவரை பார்த்தது இவ்வளவே: வெசல் என்றால் குழியும் சுவரும் உள்ள ஒன்று, உள்ளே எதையாவது வைத்திருப்பது.

சிரட்டை மிதக்கிறது

மாரி மழைக்கு முற்றத்தில் வெள்ளம் நிற்கும்போது சிரட்டையை மிதக்க விடாத பிள்ளை யார்? அதே சிரட்டையில்தான் அம்மா அகப்பை செய்வார். அகப்பையாக இருக்கும்போது அதன் சுவர் குழம்பை உள்ளே வைத்திருக்கிறது. வெள்ளத்தில் மிதக்கும்போது அதே சுவர் தண்ணீரை வெளியே வைத்திருக்கிறது. சிரட்டை மாறவில்லை. தண்ணீர் நிற்கும் பக்கம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

பானை கப்பலான கதை இதுதான். நெல்லும் உப்பும் மனிதரும் உள்ளே இருக்க, கடலை வெளியே நிறுத்தி வைக்கும் பெரிய ஏனம் கப்பல். ஒரு சொல் தன் பழைய பொருளின் சாயல் உள்ள புதிய பொருளுக்கும் நீளுவதைப் பொருள் விரிவு என்போம். இந்தக் கட்டுரையில் திரும்பத் திரும்ப வரப்போவது அதுதான்.

'ஷிப்', 'போட்', 'வெசல்' மூன்றும் ஒன்றுதானா என்று பிள்ளைகள் கேட்பார்கள். இல்லை. பெரியது ஷிப், சிறியது போட். வெசல் என்பது இரண்டையும் அடக்கும் பொதுப் பெயர். கடலில் மோதல்களைத் தவிர்ப்பதற்காக 1972 இல் உருவான சர்வதேச விதிகளில் இதற்கு ஒரு வரையறை உண்டு: தண்ணீரில் போக்குவரத்துக்குப் பயன்படுகிற, அல்லது பயன்படக்கூடிய எந்த வகை ஊர்தியும் வெசல். அந்தக் கணக்கில் கட்டுமரமும் வெசல், குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் போகும் போட்டும் வெசல், கொழும்புத் துறைமுகத்துக் கொள்கலன் கப்பலும் வெசல். தண்ணீரில் இறங்கும் கடல் விமானத்தையும் அந்த வரையறை பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. கட்டுமரத்தில் குழியே இல்லை என்பதைக் கவனியுங்கள். பொருள் விரியும்போது முதலில் இருந்த சாயல் மெல்லக் கழன்றுவிடுவதும் உண்டு. இங்கே 'குழி' கழன்று 'ஏற்றிச் செல்வது' மட்டும் நிலைத்துவிட்டது.

கரையில் நிற்கிறவர்களுக்குப் பொதுப் பெயர் தேவைப்படுவதில்லை. வள்ளம், தோணி, வத்தை, ரோலர், போட் என்று கண்ணால் கண்டதைப் பெயர் சொல்லி அழைப்பார்கள். எந்த வகை என்று சொல்ல வேண்டியில்லாதபோது அல்லது தெரியாதபோதுதான் வெசல் வருகிறது. அதனால்தான் கடற்படை அறிக்கைகளிலும் துறைமுகப் பத்திரங்களிலும் காப்புறுதிக் கடதாசிகளிலும் அந்தச் சொல் நிறைந்து கிடக்கிறது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் சேவை தொடங்கியபோது இங்கே எல்லோரும் 'கப்பல் விட்டாச்சு' என்றார்கள். 'கலம் விட்டாச்சு' என்று ஒருவரும் சொல்லவில்லை.

வல்வெட்டித்துறையைச் சொல்லாமல் இந்தப் பகுதியைக் கடக்க எனக்கு மனமில்லை. 1930 இல் அந்தக் கரையில் கட்டிய 'அன்னபூரணி' என்ற இரண்டு பாய்மரக் கப்பலை வில்லியம் ஆல்பர்ட் ரொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, 'புளோரன்ஸ் சி. ரொபின்சன்' என்று பெயர் மாற்றினார். 1938 இல் அது அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. சரக்கேற்ற என்று நம் ஊர்த் தச்சர்கள் செய்த ஒரு மரக்கலம் அத்திலாந்திக் சமுத்திரத்தையும் கடந்து போனது. மரக்கலம் என்ற சொல்லை அகராதியில் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கப்பல்தான் கண்முன்னே வரும்.

கலம்: தமிழும் நடந்த அதே பாதை

இப்போது நம் சொல்லுக்கு வருவோம். மட்கலம், உண்கலம் என்றால் ஏனம். மரக்கலம் என்றால் கப்பல். விண்ணில் போவது விண்கலம். மின்சாரத்தைத் தேக்குவது மின்கலம். இலங்கைப் பாடநூல்களில் உயிரின் மிகச் சிறிய அலகும் கலம்தான். தமிழ்நாட்டில் அதைச் செல் என்றும் உயிரணு என்றும் எழுதுகிறார்கள். கலம் என்பதன் மற்றொரு வடிவம் கலன். அணிகலன், கொள்கலன், குருதிக்கலன் எல்லாம் அதில் வந்தவை.

ஆங்கிலமும் தமிழும் ஒன்றைப் பார்த்து ஒன்று இதைச் செய்யவில்லை. லத்தீன் வழியில் வந்த சொல்லும் நம் சொல்லும் தனித்தனியாக நடந்து ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. சிரட்டை எந்த ஊர் வெள்ளத்திலும் மிதக்குந்தானே.

சங்கப் பாடலிலேயே இதைக் காணலாம். புறநானூற்று 56 ஆம் பாடலில் நக்கீரர் பாண்டியனை வாழ்த்துகிறார். 'யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்' என்று ஒரு அடி. அடுத்த அடியிலேயே 'பொன்செய் புனைகலத்து ஏந்தி' என்கிறார். இரண்டாவது கலம் மதுவை ஏந்தும் பொற்கிண்ணம். அதில் ஐயமில்லை. முதலாவது கலம் எது? நல்ல குப்பியில் யவனர் கொண்டுவந்த மது என்று கொண்டவர்கள் உண்டு. நல்ல கப்பலில் கொண்டுவந்த மது என்று கொண்டவர்களும் உண்டு. இரண்டுமே பொருந்துகின்றன, ஏனென்றால் மது குப்பியிலும் வரும், கப்பலிலும் வரும், 'தந்த' என்ற வினை இரண்டையும் தடுக்காது.

இந்தச் சிக்கலைத் தொல்காப்பியம் அந்தக் காலத்திலேயே பிரித்துச் சொல்லியிருக்கிறது. பல பொருள் தரும் ஒரே சொல்லுக்குப் பலபொருள் ஒருசொல் என்று பெயர். அதில் இரண்டு வகை: வினையால் பொருள் பிரிந்து தெரிவது, வினை வந்தாலும் பிரியாதது. உரைகளில் 'மா' என்ற சொல் உதாரணமாக வரும். மா பூத்தது என்றால் மரம், மா ஓடியது என்றால் விலங்கு. வினை மட்டுமல்லாமல் இன்னும் இரண்டு உதவிகளையும் அந்த நூல் சொல்கிறது. ஒன்று இனம், அதாவது பக்கத்தில் நிற்கும் சொற்கள். 'மாவும் மருதும்' என்றால், மருது மரமாதலால் மாவும் மரம். மற்றது சார்பு, அதாவது யார் எந்த நிலையில் சொல்கிறார் என்பது. போர்க்கவசம் அணிந்து நிற்கிறவன் 'மா கொண்டு வா' என்றால் அது குதிரை.

ஒரு வேறுபாட்டை இங்கே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் 'பட்' என்றால் வௌவால், கிரிக்கெட் மட்டையும் அதுவே. அந்த இரண்டுக்கும் உறவில்லை. வேறு வேறு இடத்தில் பிறந்த இரண்டு சொற்கள் தற்செயலாக ஒரே ஒலிக்கு வந்துவிட்டன. நாங்கள் மட்டையைத் துடுப்பு என்கிறோம். தோணி வலிக்கும் துடுப்பும் அதுதான். அங்கே உறவு உண்டு, உருவத்தைப் பார்த்தாலே தெரியும். வெசலும் கலமும் துடுப்பைப் போன்றவை.

சுருக்கமாக: ஏனத்திலிருந்து கப்பலுக்குப் பொருள் விரிந்தது. எந்த இடத்தில் எந்தப் பொருள் என்பதை வினை, இனம், சார்பு மூன்றும் காட்டும்.

உடம்புக்குள் ஓடும் கலன்கள்

பெரியம்மாவின் அறிக்கையில் வந்த வெசல் குருதிக்கலன். குழியும் சுவரும் இங்கேயும் உண்டு, ஆனால் குழி நீண்டு குழாயாகிவிட்டது. பானையில் தண்ணீர் நிற்கும். இதில் இரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருக்கும். 1628 இல் வில்லியம் ஹார்வி என்ற ஆங்கில மருத்துவர்தான், இரத்தம் இதயத்திலிருந்து புறப்பட்டுச் சுற்றி மீண்டும் இதயத்துக்கே வருகிறது என்பதை நூலாக எழுதி நிறுவினார். அதுவரை மேற்கில் செல்வாக்கோடு இருந்த கருத்து வேறு: ஈரலில் இரத்தம் புதிது புதிதாக ஊறும், உடம்பு அதைக் குடித்து முடித்துவிடும்.

குருதிக்கலன்கள் மூன்று வகை. இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுபோவது நாடி. இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவருவது நாளம். இரண்டையும் இணைக்கும் நுண்ணிய வலை மயிர்க்குழாய். இதயத்தை விட்டுப் புறப்படும் பெருநாடி ஏறக்குறைய இரண்டரை சென்ரிமீற்றர் அகலம். மயிர்க்குழாய்களோ மிக ஒடுங்கியவை. அவற்றுக்குள் செங்குழியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, உடம்பை வளைத்து நெளித்துத்தான் போகமுடியும். ஹார்விக்கு அவை கண்ணில் படவில்லை. 1661 இல் மல்பீகி என்ற இத்தாலியர் நுணுக்குக்காட்டியில் கண்டார்.

ஒரு பிழையைத் திருத்தாமல் போகக்கூடாது. 'நரம்பில ஊசி போட்டவை', 'கையில நரம்பு தெரியுது' என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். ஊசி ஏறுவது நாளத்தில். புறங்கையில் நீலமாகத் தெரிவதும் நாளம். நரம்பு என்பது மூளைக்கும் உடம்புக்கும் இடையே செய்தி கடத்துவது, அதற்குள் இரத்தம் ஓடுவதில்லை. பேச்சில் நரம்பு என்று சொல்வதால் ஒன்றும் குடிமுழுகாது. வைத்தியரிடம் 'நரம்பு அடைச்சிருக்காம்' என்று சொல்லும்போதுதான் குழப்பம் வரும்.

செடிகொடிகளிலும் கலன் உண்டு. வேரிலிருந்து இலைக்கு நீர் ஏறும் வழி காழ்க்கலன். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கலங்கள் இறந்து, இடைச்சுவர்கள் கரைந்து, நெடுங்குழாயாகிவிடும். பழைய யாழ்ப்பாணத்து வீடொன்றில் அண்ணாந்து பனஞ்சிலாகையைப் பாருங்கள். வெளிர்நிறத்தில் கறுத்த கோடுகள் ஓடும். ஒவ்வொரு கோடும் ஒரு கலன்கட்டு, நார்க்கவசம் போர்த்த குழாய்க்கூட்டம். மரம் உயிரோடு நின்றபோது தண்ணீர் ஏறிய வழியின் கீழேதான் நாம் பாய் விரித்துப் படுக்கிறோம்.

உடம்பைக் கலமாகப் பார்ப்பதும் நமக்குப் புதிதில்லை. கோயிலில் கும்பம் வைக்கும்போது குடத்தை உடம்பாகவும், அதன்மேல் சுற்றிய நூலை நாடிகளாகவும், தேங்காயைத் தலையாகவும் விளக்குவார்கள். ஆங்கிலம் நாடியை ஏனத்தின் பெயரால் அழைத்தது. நாம் ஏனத்தின்மேல் நாடியைச் சுற்றி வைத்தோம்.

மிச்சமிருப்பவை

மற்றப் பாவனைகளை விரைவாகப் பார்த்துவிடலாம். பொறியியலில் 'பிரஷர் வெசல்' என்றால் அமுக்கக் கலன். உள்ளே அமுக்கம் கூடினாலும் வெடிக்காதபடி செய்த மூடிய ஏனம் அது. வீட்டுப் பிரஷர் குக்கர் அதற்கு நல்ல உதாரணம். நீராவி வெளியேறாமல் அமுக்கம் கூடுவதால் தண்ணீர் ஏறக்குறைய 120 பாகையில்தான் கொதிக்கும், பருப்பு கெதியாக அவியும். தேவாலயங்களில் வேதாகம வழியாக இன்னொரு பொருள் வரும்: இறைவன் தன் காரியத்துக்காகத் தெரிந்துகொண்ட மனிதர். தமிழ் வேதாகமம் அதற்குப் 'பாத்திரம்' என்ற சொல்லை எடுத்தது. அது பொருந்துகிறது, ஏனென்றால் தகுதியுள்ளவரைப் பாத்திரமானவர் என்று தமிழ் ஏற்கெனவே சொல்லி வந்தது. 'பாத்திரம் அறிந்து பிச்சை இடு' என்ற பழமொழியில் இரண்டு பொருளும் சேர்ந்தே நிற்கின்றன.

எந்தச் சொல்லை எடுப்பது?

தொல்காப்பியம் தந்த மூன்று உதவிகளையும் ஆங்கில வசனத்தில் வைத்துப் பாருங்கள். வெசல் 'நங்கூரம் இட்டது', 'மூழ்கியது', 'புறப்பட்டது' என்று வினை வந்தால் கப்பல் அல்லது படகு. 'நிரப்பு', 'கொதிக்க வை', 'மூடு' என்று வந்தால் ஏனம். 'ஒடுங்கியது', 'அடைத்தது', 'விரிந்தது' என்று வந்தால் குருதிக்கலன். 'வெடித்தது' என்று மட்டும் இருந்தால் அவசரப்பட வேண்டாம், அமுக்கக் கலனும் வெடிக்கும், மூளையில் நாடியும் வெடிக்கும். அப்போது பக்கத்துச் சொல்லைப் பாருங்கள். இரத்தம் என்றோ நோய் என்றோ இருந்தால் உடம்பு, துறைமுகம் என்றோ மாலுமி என்றோ இருந்தால் கடல். அதற்கும் பிடிபடாவிட்டால் அந்தக் கடதாசி எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்.

பேரன் செய்ததில் தவறியது இதுதான். சொல்லைத் தனியே பிடுங்கி எடுத்துச் செயலியில் போட்டான். வினையும் போயிற்று, இனமும் போயிற்று, சார்பும் போயிற்று. மூன்றும் இல்லாத சொல்லுக்குக் கைபேசியும் என்ன செய்யும், அகராதியில் முன்னுக்கு நிற்பதை எடுத்துக் கொடுத்தது. முழு வரியையும், முடிந்தால் மேல்வரியையும் கீழ்வரியையும் சேர்த்துப் போடச் சொன்னேன். அவன் போட்டுப் பார்த்தான். இரத்தக் குழாய் என்று சரியாக வந்தது.

பெரியம்மாவுக்கு நான் கொப்பியின் பின்பக்கத்தில் இதயத்தைப் படமாகக் கீறிக் காட்டினேன். இதயம் உடம்பு முழுவதுக்கும் இரத்தம் அனுப்புகிறது, ஆனாலும் அதன் சொந்தத் தசைக்கும் இரத்தம் வேண்டும். அதைக் கொண்டுவருபவை முடியுரு நாடிகள். முடிபோல இதயத்தைச் சுற்றி இருப்பதால் அந்தப் பெயர். பெருநாடியிலிருந்து இரண்டு கிளம்பும், இடப்பக்கத்தது இரண்டாகப் பிரியும், ஆகவே வைத்தியர்கள் முக்கியமானவை மூன்று என்று எண்ணுவார்கள். அந்த மூன்றிலும் ஒடுக்கம் இருக்கிறது என்பதைத்தான் அந்த வரி சொல்கிறது.

அவர் படத்தில் மூன்று கோடுகளையும் விரலால் தடவிப் பார்த்தார்.

"அப்ப இது ரத்தம் ஏத்திக்கொண்டு போறதுகள்."

"ஓம் பெரியம்மா."

"அடைச்சதை எடுக்க ஏலுமோ? இல்லாட்டி வேற வழியாலை விடுவினமோ?"

இரண்டு முறையும் இருக்கிறது என்றும், எது தனக்குப் பொருந்தும் என்று வைத்தியரிடமே கேட்க வேண்டும் என்றும் சொன்னேன். அந்தக் கேள்வியைத் தமிழில் கொப்பியில் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன்: 'மூன்று முடியுரு நாடிகளில் எந்த இடத்தில், எவ்வளவு அடைப்பு? குழாய் வழியாக விரிப்பதா, சத்திரசிகிச்சையா?' புதன்கிழமை கிளினிக்.